இரண்டு வீட்டுப் புகையிலை

அந்தக் கோடை முழுவதும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாகவே இருந்தது. கருவேப்பிலங்குறிச்சியில் ஏறி விருத்தாசலத்தில் இறங்குவதற்குள் யாராவது ஒருவர் உட்கார வருவார், மூக்கைச் சுருக்குவார், பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார். குளித்துவிட்டுத்தான் கிளம்புவேன். புடவையையும் சோடா உப்பில் ஊறவைத்துத் துவைத்துத்தான் கட்டுவேன். ஆனாலும் புகையிலை நெடி துணியோடு நிற்பதில்லை. தோலுக்குள் போய்விடுகிறது. சோற்றைப் பிசைந்தால் சோறு கசக்கும். கண்ணைத் துடைத்தால் கண் எரியும்.

எனக்கு மூன்று வரிசை முன்னால் இன்னொரு காலி சீட்டு இருக்கும். அதன் ஜன்னலோரத்தில் என் ஓரகத்தி உட்கார்ந்திருப்பார். என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய கணவர் இறந்த பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, என்னோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இருவரும் ஒரே ஊரில் ஏறி, ஒரே இடத்தில் இறங்கி, ஒரே வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். பெண்களுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட்டைக்கூடத் தனித்தனியாகக் கேட்டு வாங்கினோம்.

அப்படி ஒரே வேலைக்குப் போகிற நிலை வந்தது என் கணவரின் நெஞ்சு வலியால்.

மாசி கடைசியில் புகையிலையை அறுத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் செடியோடு அறுத்து, ஒரு நாள் வயலிலேயே வாடவிட்டு, பிறகு கட்டுக் கட்டாகக் கம்புகளில் தலைகீழாகத் தொங்கவிடுவோம். பகலில் வெயில், ராத்திரியில் பனி. பச்சை போய், மஞ்சள் போய், இலையின் நடு நரம்புவரை பழுப்பு ஏறினால்தான் இறக்கலாம். இறக்குவதும் விடியற்காலையில்தான். பனியில் இலை துணி மாதிரித் துவண்டு இருக்கும். வெயில் ஏறிவிட்டால் தொட்டதுமே அப்பளமாக நொறுங்கிவிடும். அந்த விடியற்காலை வேலையில் கம்பைத் தூக்கியபடியே என் கணவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடு" என்றார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

புதுச்சேரிக்குக் கொண்டுபோய், இதயக் குழாயில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். வார்டில் வந்து பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண்.

"போயிலை போடுவீங்களா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். மீசை முளைத்த நாளிலிருந்து அவர் கன்னத்தில் ஒரு துண்டு இலை ஒதுக்காமல் இருந்ததில்லை.

"போடுவாருங்க" என்றேன்.

"இதோட நிறுத்தணும். அந்தத் தூசி, நெடி எதுவும் பக்கத்துல வரக்கூடாது."

"நாங்க பயிரு வெக்கிறதே அதாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது இலை முழுக்கக் கம்பிலேயே இருந்தது. கூலிக்கு இரண்டு பெண்களைக் கெஞ்சிக் கூட்டிவந்து, இலைகளைத் தண்டிலிருந்து கிள்ளி, கத்தை கட்டி, மாட்டுக் கொட்டகையில் போர் போட்டேன். வைக்கோலை அடுக்குவது போலவே அடுக்குவதால் இதற்கும் போர் என்றுதான் பெயர். காம்பு வெளியே, நுனி உள்ளே இருக்கும்படி ஆள் உயரத்துக்கு வட்டமாக அடுக்கி, மேலே கோணியும் தார்ப்பாயும் போட்டு மூடி, பாரம் ஏற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கிற ஈரத்தில் இலை தானே சூடேறும். அந்தச் சூட்டில்தான் அதன் பச்சை வாடை போகும், காரம் அடங்கும், நிறம் கருக்கும். சூடு ஏறாத இலை வெறும் காய்ந்த சருகு. எந்த வியாபாரியும் அதைத் தொட மாட்டார்.

நாலைந்து நாள் கழித்து, கட்டிலில் படுத்தபடியே என் கணவர் கேட்டார்.

"போருல கையை வுட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். ஜில்லுனு இருக்குது."

"நடுவுல வுட்டியா?"

"தோள் வரைக்கும் வுட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

"எலை காணாது. சின்னப் போருல சூடு புடிக்காது. நாலு வூட்டு எலை சேந்தாத்தான் புடிக்கும்" என்றார்.

நாலு வீட்டு இலைக்கு எங்கே போவது? முன்பெல்லாம் அண்ணன் தம்பி இருவர் இலையும் ஒரே போர்தான். அண்ணன் போன பிறகு ஊரில் மற்றவர்கள் இலையோடு சேர்த்துப் போட்டோம். இந்த வருஷம் அவர்கள் எல்லோரும் மக்காச்சோளத்துக்குப் போய்விட்டார்கள். புகையிலை இருந்தது எங்கள் வயலிலும், வரப்புக்கு அந்தப் பக்கம் அக்கா வயலிலும் மட்டும்தான். அக்கா வழக்கமாகத் தன் இலையைக் கம்பிலிருந்தே, சொந்தமாகப் போர் போட்டுக்கொள்கிற ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார். அந்த ஆளும் இந்த வருஷம் வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

"அண்ணியைக் கேட்டுப் பாரு" என்றார் என் கணவர். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா ஏன் பேசாமல் போனார் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் கிணற்று மோட்டார். யார் எந்த நேரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என்று, பெரியவர், அதாவது அக்காவின் கணவர், படுத்த படுக்கையாக இருந்தபோது ஒரு வாக்குவாதம் நடந்திருந்தது. அதற்காக இத்தனை வருஷமா என்று எனக்குள் எரிச்சல்கூட இருந்தது. ஆனால் அன்று எரிச்சல்படத் தெம்பில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

அக்கா பின்கட்டில் இலை அடுக்கிக்கொண்டிருந்தார். என் போரைவிடச் சின்னப் போர். மகன் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருக்கிறான், வீட்டில் அவர் தனி ஆள். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கத்தையைக் கீழே வைத்தார். வா என்று சொல்லவில்லை.

"சூடு ஏறுதா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"எனக்கும் ஏறல. அவுரு சொன்னாரு, ரெண்டும் சேந்தா ஏறும்னு."

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.

"எங்க போடுறது?"

"வூட்டுல போட முடியாது. சூடு ஏறுனா நெடி வேலி தாண்டியும் வரும், அவுருக்கு ஆவாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. விருத்தாசலத்துல நான் முன்ன வேலை செஞ்ச பொம்ம கம்பெனி மூடிக் கெடக்குது. ஓனரு வூட்டு அம்மாகிட்ட கேட்டா சாவி குடுப்பாங்க."

"எலை சேரட்டும். பேச்சு வார்த்தைலாம் வேணாம்" என்றார் அக்கா.

"சரிக்கா" என்று திரும்பிவிட்டேன்.

அந்தப் பீங்கான் ஷெட்டில் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நான் வேலை பார்த்திருக்கிறேன். களிமண் கூழை அச்சில் ஊற்றி, கெட்டியானதும் பிரித்து, பிசிறு தட்டிக் கொடுப்பது என் வேலை. பிள்ளையார், குதிரை, கும்பிடுகிற பெண் என்று பொம்மைகள். இப்போது அச்சுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. சிமென்ட் தரையில் வெள்ளை மாவு மாதிரித் தூசி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை வெயிலில் உள்ளே நின்றால் மண்டை கொதிக்கும். என் கணவர் போனில் சொல்லச் சொல்ல, தரை ஈரம் ஏறாமல் இருக்கப் பனை வாரைகளைப் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, இரண்டு வீட்டு இலையையும் அடுக்கினோம். என் கத்தைகளை வாழை நாரால் கட்டியிருந்தேன். அக்கா தென்னங் கயிற்றால் கட்டியிருந்தார். எது யாருடையது என்று பிறகு பிரித்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

இரண்டாம் நாளே சூடு பிடித்துவிட்டது. தார்ப்பாயைத் தூக்கிக் கையை விட்டால், காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போல இருந்தது. அடுத்த நாள் அதைவிட அதிகம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் சூடு ஏறிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. அப்படியே விட்டால் நடுவில் இருப்பது வெந்து கரியாகிவிடும். வெளியில் இருப்பது வேகாமல் பூஞ்சை பிடிக்கும். அதனால் சில நாளுக்கொரு தரம் போரைப் பிரித்து, நடுவில் இருந்ததை வெளியிலும் வெளியில் இருந்ததை நடுவிலும், மேலே இருந்ததைக் கீழேயும் மாற்றி அடுக்க வேண்டும். போர் மாத்துவது என்பார்கள். தனி ஆள் செய்ய முடியாது. ஒருவர் மேலே நின்று எடுத்துக் கொடுக்க, ஒருவர் கீழே வாங்கி உதறி ஆற்றி அடுக்க வேண்டும்.

முதல் முறை பிரித்தபோது வந்த நெடியை நான் மறக்க மாட்டேன். மாட்டு மூத்திரத்தைப் பத்து நாள் மூடிவைத்துத் திறந்தது போல. கண்ணில் நீர் கொட்டி, தொண்டை அடைத்து, இருவரும் வாசலுக்கு ஓடிவந்து நின்றோம். பக்கத்து ஷெட்டில் அகல் விளக்கு தட்டிக்கொண்டிருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, என்னோடு அந்தக் காலத்தில் வேலை செய்தவள், "இதுக்குப் பழையபடி களிமண்ணுலயே கெடந்து சாவலாம் நீ" என்று சத்தமாகச் சொன்னாள். நானும் அக்காவும் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப உள்ளே போனோம். முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டோம்.

பேச்சு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் வேலைக்குத் தேவையான சொற்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. "புடி." "இது கருவுது." "அந்தப் பக்கம் வையி." "போதும், மூடு." வேலை முடிந்ததும் அவர் தனியாக டீ குடிப்பார், நான் தனியாகக் குடிப்பேன். பஸ்ஸில் அவரவர் சீட்டு. வீட்டுக்கு வந்து என் கணவருக்குக் கஞ்சி வைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, மாட்டைக் கவனித்துப் படுத்தால், முதுகு தனியாக ஒரு ஆள் மாதிரி என்னோடு படுத்திருக்கும். மறுநாள் எழுந்திருக்கும்போதும் அது எழுந்திருக்காது.

மூன்றாவது முறை மாத்தும்போது வாழை நார் எல்லாம் சூட்டில் இற்றுப்போய்விட்டது. என் கத்தைகள் அவிழ்ந்து இலையெல்லாம் அவர் இலையோடு கலந்துவிட்டன. நாளைக்கு என் இலை குறைகிறது, உன் இலை கூடுகிறது என்று ஒரு பேச்சு வந்தால்? கீழே குனிந்து பொறுக்கிப் பிரிக்கப் பார்த்தேன். அக்கா மேலே நின்று பார்த்தார்.

"எத்தனைன்னு பிரிப்ப? அள்ளி வையி" என்றார்.

அள்ளி வைத்தேன்.

வைகாசியில் என் கணவரை மறுபடி புதுச்சேரிக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அதற்கு முன் நாள்தான் கோடை மழை பெய்து, ஷெட்டுக்குள் காற்றெல்லாம் ஈரமாக இருந்தது. போரில் கை வைத்தேன், வழக்கத்தைவிட அதிகமாகச் சுட்டது. நாளை மாத்தியே ஆக வேண்டும் என்று தெரிந்தது.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன். நாளனைக்கு மாத்திக்கலாம்க்கா. நீங்க தனியா கை வெக்காதீங்க" என்று சொன்னேன். அத்தனை நாளில் நான் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. அகல் விளக்கு தட்டுகிறவள்.

"ஒங்க ஓரகத்தி விழுந்து கெடக்குறாங்கடி. வாயில நுரையா வாந்தி எடுக்குறாங்க. தூக்கி எங்க ஷெட்டு நெழல்ல போட்டுருக்கோம். சீக்கிரம் வா."

டாக்டரைப் பார்த்ததும் பார்க்காததுமாகக் கிளம்பினோம். விருத்தாசலத்தில் இறங்கியதும் அவரை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஆட்டோ பிடித்து ஷெட்டுக்குப் போனேன். அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

அக்கா களிமண் மூட்டைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பெண்கள் முகத்தைக் கழுவிவிட்டு மோர் கொடுத்திருந்தார்கள், அதையும் வாந்தி எடுத்திருந்தார். நான் எங்கள் ஷெட்டை எட்டிப் பார்த்தேன். போர் முழுவதும் பிரிந்து கிடந்தது. ஒற்றை ஆளாக அத்தனை இலையையும் இழுத்துத் தரை முழுக்கப் பரப்பியிருந்தார். நடுவில் இருந்த கொஞ்சம் கரியாகிப்போயிருந்தது. அன்று பிரிக்காமல் இருந்திருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும்.

"ஏன்க்கா, சொன்னேன் இல்ல?"

"மூடியிருந்த கோணியில பொகை மாதிரி வந்துது. நீ வர்ற வரைக்கும் எப்பிடி வுடுறது?" என்றார். அதைச் சொல்லவே அவருக்கு மூச்சு வாங்கியது.

ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த நெடியும் வெக்கையும் சேர்ந்து வந்த மயக்கம் என்று சொல்லி ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். பெஞ்சில் படுத்திருந்தவரின் தலைமாட்டில் நின்றேன். உட்கார இடம் இல்லை. பாட்டிலில் பாதி இறங்கியபோது அவர் கண்ணைத் திறந்தார். நான் எதிர்பார்க்காததைக் கேட்டார்.

"மோட்டாருக்காக நான் பேசாம இருக்குறேன்னு நெனச்சியா?"

"பின்ன என்னாக்கா?"

"எங்க வூட்டுக்காரருக்கு வாயில பாதி இல்ல, ஒனக்குத் தெரியும். அறுத்து எடுத்துட்டாங்க. கஞ்சியைக்கூடத் துணியில நனைச்சி நனைச்சிப் புழிஞ்சேன். அந்த வாயிலதான் ஒம்புருசன் வந்து போயிலையைக் கிள்ளி வெச்சாரு. நான் தண்ணி எடுத்துட்டு வந்தவ, ஜன்னல் வழியா பாத்தேன்."

பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுக்கா."

"ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சி சும்மா இருந்தவளா இருந்தா ஒன்னோட எலையை சேத்திருப்பேனா?"

பெரியவர் வாய்ப் புற்றுநோயில்தான் போனார். அவர் கன்னத்தில் ஒதுக்கியதும் எங்கள் வயல் இலைதான். எங்கள் போரில் இருந்து, நன்றாகப் பதம் வந்த நடு இலையாகப் பார்த்து எடுத்துவைப்பார். எல்லாம் தெரிந்துதான் மறு வருஷமும் நாற்று விட்டோம். அக்காவும்தான் விட்டார். அதை அன்று கேட்டேன்.

"அப்பறமும் ஏன்க்கா இதையே வெக்கிறீங்க?"

அவர் கையில் ஊசி குத்தியிருந்த இடத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ஒவ்வொரு வருசமும் வேணாம்னுதான் நெனைப்பேன். நாத்து வுடுற நேரம் வரும். வேற என்னா வெக்கலாம்னு யாரைப் போயி கேக்குறது? கை அதும்பாட்டுக்கு வெதையைத் தூவிடும்."

மறுநாள் காலை என் கணவர் வாசலில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"பெரியவரு வாயில எலை வெச்சீங்களா?"

டம்ளரைக் கீழே வைத்தார். பொய் சொல்லப் பார்ப்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"கேட்டாரு" என்றார். "பேச முடியல. கையைக் காட்டிக் கேட்டாரு. கண்ணுல தண்ணி வடியுது. டாக்டருங்க இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னு வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. எங்க அண்ணன் என்கிட்ட ஒண்ணு கேட்டு நான் இல்லன்னு சொன்னது கெடையாது. ஒரு துண்டு. நகம் அளவுக்கு."

மாட்டுக் கயிற்றைக் கையில் எடுத்தேன்.

"நீயா இருந்தா குடுத்திருக்க மாட்டியா?" என்று கேட்டார்.

மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் இருந்தார். வெந்நீர் ஆறிப்போயிருந்தது.

"அண்ணி பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

அதன் பிறகு போர் மாத்தும் வேலையில் அக்காவை மேலே ஏறவிடவில்லை. அகல் விளக்கு தட்டுகிறவளைக் கூலிக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். திட்டிக்கொண்டே வந்து செய்தாள். அக்கா வாசல் பக்கம் காற்றோட்டமாக உட்கார்ந்து கரிந்த இலையைத் தனியே பொறுக்குவார். ஒவ்வொரு தடவையும் சூடு கொஞ்சம் குறைவாக ஏறியது. நெடியும் மாறிக்கொண்டே வந்தது. மூத்திர வாடை போய், புளித்த பழ வாடை வந்து, கடைசியில் வெல்லப் பாகு மாதிரி ஒரு வாசனை. சொன்னால் நம்ப மாட்டார்கள், அந்த வாசனை நன்றாகவே இருக்கும். அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. வாயை அழுகவைக்கிற ஒன்று இப்படி மணக்க வேண்டாம் என்று தோன்றியது.

ஆனி முடியும்போது போர் ஆறிவிட்டது. கையை விட்டால் வெளியே இருக்கிற சூடுதான் உள்ளேயும். இனி மாத்த வேண்டியதில்லை. கத்தைகளை அழுத்தி, பாயில் சுற்றி, சிப்பம் கட்டி அடுக்கினோம். அப்படியே இருட்டில் கிடந்தால் இலை இன்னும் பதப்படும், நிறமும் கருக்கும். எப்போதாவது போய் எலி கடித்திருக்கிறதா, மழைச் சாரல் அடித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதற்கும் இருவரும் சேர்ந்தே போனோம். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார ஆரம்பித்திருந்தோம். எப்போது ஆரம்பித்தோம் என்று ஞாபகம் இல்லை. பேச்சும் பெரிதாக ஒன்றும் இல்லை. மருமகள் தாய் வீட்டிலிருந்து போனில் காட்டிய அக்காவின் பேரப் பிள்ளைக்குப் பல் முளைத்தது, ரேஷனில் பருப்பு வராதது, அவ்வளவுதான்.

ஆவணியில் வியாபாரி லாரி கொண்டுவந்தார். அன்று என் கணவர் தானும் வருகிறேன் என்றார். நெடி ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஷெட் வாசலில் ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்தார். வியாபாரி ஒரு சிப்பத்தைப் பிரித்து, இலையை வெளிச்சத்தில் பிடித்து, கிழித்து, முகர்ந்து, நுனியைக் கடித்துத் துப்பினார். நல்லாப் பதம் வந்திருக்குது என்றார். ஆட்கள் ஏற்றத் தொடங்கினார்கள்.

அக்கா உள்ளேயிருந்து வந்தார். என் கணவர் எழுந்து நின்றார். மூக்கிலிருந்து துண்டை அவிழ்த்தார்.

"அண்ணி."

"ஒக்காருங்க. ஒடம்பு முடியாதவரு."

அவர் உட்காரவில்லை. "அன்னைக்கி அண்ணன்..." என்று ஆரம்பித்தார்.

"அவுருதான் கேட்டிருப்பாரு. எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. லாரியில் ஏற்றுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மொதல்ல என்னைத்தான் கேட்டாரு. நாலு நாளு கேட்டாரு. நான் குடுக்கல. மூஞ்சைத் திருப்பிக்கிட்டாரு. நீங்க குடுத்தப்ப ஒங்க கையைப் புடிச்சிக்கிட்டாரு, பாத்தேன். அதுக்கப்பறம் சாவுற வரைக்கும் என் மூஞ்சைப் பாக்கல. கஞ்சி புழிஞ்சவ நான்."

என் கணவர் அழுதார். சத்தமில்லாமல், துண்டை வாயில் வைத்துக்கொண்டு. அக்கா அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. எங்கள் இருவருக்கும் அதற்கு வேண்டிய தெம்பு அந்தப் போரிலேயே போய்விட்டது என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா என்னிடம், "அவுருக்கு டீ வாங்கியாரச் சொல்லு. சக்கரை கம்மியா" என்றார்.

லாரி போன பிறகு ஷெட்டைக் கழுவிவிட்டோம். கரிந்த இலைகளைத் தென்னை மரத்தடியில் போட என்று ஒரு மூட்டை கட்டி எடுத்துக்கொண்டேன். பூச்சி வராது.

அந்த வருஷம் நாற்று விடவில்லை. எங்கள் நிலத்தை மக்காச்சோளம் போடுகிற ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டோம். அக்கா உளுந்து விதைத்தார். மழையில் பாதி அழுகிவிட்டது. "அடுத்த வருசம் பாப்போம்" என்றார். மறுபடி புகையிலை விதைப்பாரோ என்று எனக்குப் பயம் இருக்கிறது, கேட்கவில்லை. என் கணவர் கன்னத்தில் இப்போது இலை இல்லை. ஆனால் நாக்கு அவ்வப்போது அந்தப் பக்கம் போய்த் தேடுவதைப் பார்க்கிறேன். அக்கா இன்னும் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மாத்திரை போட்டாரா?" என்று மட்டும் கேட்பார். போட்டார் என்பேன். உள்ளே வாருங்கள் என்று நானும் கூப்பிடுவதில்லை. வந்தால் பேச வேண்டும். பேசுவதற்கு இருக்கிறது, அதற்கான தெம்பு எங்கள் இருவரிடமும் இன்னும் திரும்பவில்லை. இப்போதைக்கு மாத்திரை விசாரிப்பதோடு நிற்கட்டும் என்று அவரும் நினைக்கிறார் போல.